வரப்போரத் தூளி

காரைக்காலைச் சுற்றிய வயல்களில் நடவு நட்டு, களை பறித்த நம் அம்மாச்சிகள், கைக்குழந்தையை வரப்போர மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் சேற்றில் இறங்கினார்கள். குழந்தை அழுதால் கரையேறலாமா என்பதை முடிவு செய்தது தாய் அல்ல. குடை பிடித்து நின்ற காரியக்காரர். மார்பகப் புற்றுநோயின் வரலாற்றை இந்தத் தூளியிலிருந்தும் படிக்கலாம் தோழர்களே.

1926இல் ஜேனட் லேன்-கிளேபன் என்ற ஆங்கிலேய மருத்துவர், இந்நோய் வந்த சுமார் 500 பெண்களையும் வராத அதே அளவு பெண்களையும் ஒப்பிட்டார். பிள்ளைப்பேறுக்கும் பால் கொடுப்பதற்கும் நோயோடு தொடர்பு இருப்பது அதில் தெரிந்தது. 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரை லான்செட் இதழில் வந்தது. ஒரு பெண் தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் கொடுத்த காலத்தைக் கூட்டினால், ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நோய் வரும் வாய்ப்பு, இருந்ததில் 4.3 சதவீதம் குறைகிறது என்றது அது. பால் சுரக்கும்போது மார்பின் செல்கள் முழு முதிர்ச்சி அடைகின்றன. மாதவிடாய் தள்ளிப்போவதால் ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. காரணங்களாகச் சொல்லப்படுபவை இவை.

குறைகிறது என்றால் வராது என்று பொருளல்ல. நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்கும் வரும். 'வயக்காட்டில் உழைக்கிற உடம்புக்கு அதெல்லாம் வராது' என்ற பேச்சு நம் தெருக்களிலும் உண்டு. பால் கொடுக்கும் மார்பில் கட்டி தென்பட்டால் 'பால் கட்டு' என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இரண்டு வாரத்தில் கரையாத கட்டியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பால் கொடுக்க முடியாமல் போனவளை, அதனால்தான் நோய் வந்தது என்று குற்றம் சொல்வதோ அநியாயம். அந்த 4.3 சதவீதம் மாதங்களின் கணக்கு. மாதங்கள் யார் கையில் இருந்தன?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். தாய்க்குப் பேறுகால ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே அது சட்டமானது. 1961இன் மத்தியச் சட்டம் இன்னொரு படி போனது: வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை. தொழிற்சாலை, சுரங்கம், தேயிலைத் தோட்டம், பிறகு பத்துப் பேர் வேலை செய்யும் கடை என்று அதன் பட்டியல் நீண்டது. நெல் வயல் அதில் இல்லை. 2017இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோதும், நாள்கூலிக்கு நடவு நடுகிறவள் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நின்றாள்.