திருமயம் ஸ்டேஷனும் தீக்குச்சி ஸ்லீப்பரும்

மலர்க் குழுவினர் "நீங்க வரலாறு படிச்சவர்தானே, ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைப் பற்றி எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நானோ பொம்மை ரயில் விட்டுக்கொண்டிருக்கும் கிழவன். எனவே அதைப் பற்றியே எழுதுகிறேன். பொம்மைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் தினமும் ஏறி வந்த ரயிலின் கதை இது.

1971 முதல் 1974 வரை நான் பி.ஏ. வரலாறு படித்தேன். திருமயத்தில் ஏறிப் புதுக்கோட்டையில் இறங்குவோம். நம்மில் பலர் அந்தப் பயணத்தில்தான் பரீட்சைக்கே படித்தோம். கரி வாசனையும் கண்ணில் விழும் தூசியும் இல்லாத கல்லூரி நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அந்த மீட்டர் கேஜ் பாதை இன்று இல்லை. அதே தடத்தில் அகலப்பாதை ஓடுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் என் பேரன் ஒரு பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஏன் இந்த ரயில் இவ்ளோ ஒல்லியா இருக்கு?" என்று கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்தேன். வாயால் சொல்லி விளங்கவில்லை. கையால் செய்து காட்டலாம் என்று இறங்கினேன்.

ஒல்லி ரயில் வந்த கதை

இந்தியாவில் 1853இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியபோது தண்டவாள இடைவெளி ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீட்டர். செலவு அதிகம். 1870இல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், சிக்கனமான கிளைப் பாதைகளுக்கு வேறு அளவு தேடினார்கள். இந்தியாவுக்கு மெட்ரிக் அளவை முறை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் ஒரு மீட்டர் என்று முடிவாயிற்று. மெட்ரிக் முறை வந்து சேர இன்னும் எண்பது சொச்சம் வருஷம் ஆயிற்று. தண்டவாளம் மட்டும் முந்திக்கொண்டது!

தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே சிறு பாதை உண்டு. 1865இல் அரக்கோணம் முதல் காஞ்சிபுரம் வரை மூன்றரை அடி அகலத்தில் ஒரு பாதை போட்டார்கள். 1878இல் அது மீட்டர் கேஜ் ஆனது. நாகப்பட்டினம் – திருச்சி பாதையின் கதை இன்னும் வேடிக்கை. 1860களின் தொடக்கத்தில் அகலப்பாதையாகப் பிறந்து, 1870களில் மீட்டர் கேஜாகச் சுருங்கி, நம் காலத்தில் மறுபடி அகலமாகிவிட்டது.

இன்னும் குறுகலானவையும் இருந்தன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இலும் இரண்டரை அடிப் பாதைகள் வந்தன. இரண்டும் போர்க்காலத்தில், 1941இல் மூடப்பட்டன. திருச்செந்தூர் வட்டாரத்தில் குலசேகரப்பட்டினத்துச் சர்க்கரை ஆலைக்காக இரண்டடிப் பாதை ஓடியது. அது 1940இல் நின்றது. நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த மூணாறில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் இருந்தது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. இவை எதுவும் நம் தலைமுறை கண்ணால் பார்த்ததில்லை.

நம் பாதைக்கு வருவோம். திருச்சி – புதுக்கோட்டை பாதை 1929இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1930இல், திருமயம், காரைக்குடி வழியாக மானாமதுரை வரை நீண்டது. அப்போது தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் ஆட்சி. 1951 ஏப்ரல் 14இல் அது தெற்கு ரயில்வேயின் அங்கமாயிற்று. 1992இல் "ஒரே அகலம்" என்ற யூனிகேஜ் திட்டம் தொடங்கியது. சென்னை எழும்பூர் – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் 2004இல் நின்றது. பாம்பன் பாலத்தில் 2007இல் அகலப்பாதை வண்டி ஓடியது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் பயணம் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயிலில்தான் ஏற வேண்டும்.

12 மில்லிமீட்டர் கணக்கு

நம் ரயில்வே அகராதியில் "நேரோ கேஜ்" என்றால் 762 அல்லது 610 மில்லிமீட்டர்தான். ஆனால் உலகம் முழுவதும் மாடல் ரயில் செய்பவர்கள், ஐரோப்பாவின் பொது அளவான 1435க்குக் குறைந்த எல்லாவற்றையும் நேரோ கேஜ் என்றே சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் மீட்டர் கேஜும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இந்த விவரம் தெரியாமல் முதலில் நான் ஏமாந்தேன். கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். அதை வாங்கி, 87இல் ஒரு பங்கு அளவில் பெட்டி செய்து ஏற்றினேன். பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் வகுப்புத் தோழர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரே பார்வைதான்.

"டேய், பெட்டி நம்ம பெட்டி. காலு நம்ம காலு இல்லடா. அகட்டி வச்சிக்கிட்டு நிக்குது பாரு!" என்றார்.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். 16.5ஐ 87ஆல் பெருக்கினால் 1435. அது ஐரோப்பிய அளவு. நமக்கு வேண்டியது 1000. அதை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். மாடல் உலகில் அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் மீட்டர் கேஜ் மலை ரயில்கள் நிறைய. அவற்றுக்காக ஜெர்மனியின் பெமோ போன்ற கம்பெனிகள் செய்வது அந்த அளவுதான். நம் ஊட்டி ரயிலின் எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் வந்ததும் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்துதானே! பழைய சொந்தம் விட்டுப் போகவில்லை.

பெட்டி கட்டிய விதம்

பெரம்பூர் ஐ.சி.எஃப். பாணி மீட்டர் கேஜ் பெட்டி சுமார் 19.5 மீட்டர் நீளம், 2.74 மீட்டர் அகலம். மாடலில் 22.4 சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிக அகலம். உடம்புக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. நல்ல கெட்டி, வெட்டினால் பிசிறாது. ஜன்னல் கம்பிகளுக்குத் தூண்டில் நரம்பு. மேல் நிறம் அந்தக் காலத்துக் கருஞ்சிவப்பு. கடைசியில் செங்கல் தூளும் கரித்தூளும் தடவினால்தான் பெட்டி ஓடின பெட்டியாகத் தெரியும். புதுப்பெயின்ட்டோடு இருந்தால் பொம்மைதான்.

இன்ஜினுக்கு ஒய்.பி. வகுப்பைத் தேர்ந்தெடுத்தோம். 1949 முதல் 1970 வரை கட்டப்பட்ட பயணிகள் இன்ஜின் அது. பெரும் பங்கு ஜாம்ஷெட்பூர் டெல்கோ தயாரிப்பு. பெரிய சக்கரத்தின் குறுக்களவு 1372 மில்லிமீட்டர். மாடலில் 15.8. தோழர் சக்கரங்களைப் பித்தளையில் தாமே லேத்தில் கடைந்து கொண்டுவந்தார். தங்கம் மாதிரி மின்னியது. ஏற்றி, 12 வோல்ட் கொடுத்தோம். ஒரு பொறி, ஒரு வாசனை, டிரான்ஸ்பார்மர் அவுட்!

விஷயம் இதுதான். மாடல் ரயிலில் ஒரு தண்டவாளம் பாஸிட்டிவ், மற்றது நெகட்டிவ். இரண்டு சக்கரமும் அச்சும் உலோகமாக இருந்தால் கரன்ட் நேராகக் குறுக்கே பாய்ந்துவிடும். நாற்பது வருஷம் நிஜ இன்ஜினைப் பிரித்து மாட்டியவருக்கு இது தோன்றவில்லை. நிஜ இன்ஜினுக்கு அந்தக் கவலையே கிடையாதே. பிறகு ஒவ்வொரு அச்சிலும் ஒரு சக்கரத்துக்கு உள்ளே நைலான் புஷ் போட்டார். ஓடியது.

ஊரைச் செய்வது

ஒரு பிளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி. அளவுப்படி பார்த்தால் அதன் நீளம் நிஜத்தில் 212 மீட்டர்தான். கோட்டைக் குன்றை எங்கே வைப்பது? கிழவன் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டையை அட்டைப்பெட்டி அளவுக்குச் சுருக்கினால் ஊர்க்காரன் சிரிப்பான். இதற்கு வழி காட்டியது சின்ன வயதில் பார்த்த நாடகக் கம்பெனி சீன் படுதா. முன்னால் பெரிய தூண், பின்னால் சின்னத் தூண் வரைந்து தர்பாரையே காட்டிவிடுவார்களே, அந்தத் தந்திரம்தான். ஸ்டேஷனும் மனிதர்களும் சரியான அளவில் முன்னால். கோட்டை அதைவிடச் சின்ன அளவில் பின்னால். அதற்கும் பின்னால் படுதாவில் வானம். எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே சீனரி வேலையில் கடினம் என்று அப்போது புரிந்தது.

குன்றுக்கு உள்ளே தெர்மாகோல், மேலே பேப்பர் கூழ், அதற்கு மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பேப்பர் கூழ் நமக்குப் புதிதா என்ன? கொலு பொம்மை செய்கிறவர் கையில் இருந்த வித்தைதான். யோசித்துப் பார்த்தால் நவராத்திரிக் கொலுவில் கேழ்வரகு முளைக்க வைத்துப் பூங்கா போட்டு, கண்ணாடித் துண்டில் குளம் காட்டி, சாவி கொடுத்த தகர ரயிலை விட்டவர்கள்தானே நம் அம்மாக்கள்! அவர்களும் சீனரி போட்டவர்களே. பேர் மட்டும் தெரியாது.

மரத்தூளைச் சலித்துச் சாயம் போட்டால் புல். ஈர்க்குச்சியும் பச்சைக் காகிதமும் பனைமரம். காய்ந்த முள்செடிக் கொம்பு அப்படியே சீமைக் கருவேலம். ஜல்லிக்கு நம் ஊர் மணலையே மாவுச் சல்லடையில் சலித்தேன். அதில் ஒரு எச்சரிக்கை: மணலில் இரும்புத் துகள் இருக்கும். இன்ஜின் மோட்டாரில் காந்தம் இருக்கிறது. துகள் உள்ளே ஏறினால் மோட்டார் போச்சு. முதலில் மணல் மேல் ஒரு காந்தத்தை ஓட்டி எடுத்துவிட வேண்டும்.

ஸ்லீப்பர்தான் எனக்குப் பெருமை. மீட்டர் கேஜ் மரக்கட்டை ஆறடி நீளம், எட்டங்குல அகலம். மாடலில் 21 மில்லிமீட்டர் நீளம், இரண்டே சொச்சம் அகலம். ஒரு தீக்குச்சியின் மருந்தை நீக்கி நடுவில் வெட்டினால் இரண்டு ஸ்லீப்பர்! அளவெடுத்துச் செய்த மாதிரி. ஸ்டேஷன் எதிரில் உள்ள நீளத்துக்கு மட்டும் நானும் பேரனும் தீக்குச்சியில் பாதை போட்டோம். வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் குச்சி இல்லை என்று வசவு வாங்கியது தனிக்கதை.

எதற்காக இதெல்லாம்?

வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்றொரு குட்டி ரயில். இரண்டேகால் அடிப் பாதை. மூடும் நிலைக்கு வந்தபோது, 1951இல் சாதாரண மனிதர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். உலகில் அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில் அது. தாமஸ் என்ற நீல இன்ஜின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் அங்கே தொண்டராக இருந்தவர். இங்கேயும் நம் பொன்மலைத் தொழிலாளர்கள் ஊட்டி ரயிலுக்குப் புதிதாக நீராவி இன்ஜின்களே கட்டிக் கொடுத்தார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடுவதையும் கட்டினார்கள். 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றதால் ஊட்டிக்கு அந்தப் பாக்கியம். புனேயில் ஜோஷி குடும்பத்தின் குட்டி ரயில் மியூசியம் 1998 முதல் இருக்கிறது. நம் புதுக்கோட்டைப் பாதைக்கு யார் இருக்கிறார்கள்? மலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. சும்மா நம்மை ஏற்றி இறக்கிய பாதை. அதை நினைவு வைத்திருப்பது நாம் மட்டும்தான். நமக்கும் வயதாகிறது.

இதை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் கதவு என்ன நிறம் என்று எனக்கு மறந்துவிட்டது. தோழரைக் கேட்டேன். "பச்சைடா" என்றார். மறுநாள் போன் செய்து, "இல்லடா, பச்சை சிக்னல் ரூம் கதவு. ஜன்னல் வேற. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசித்துச் சொல்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கடைந்த சக்கரத்தில்தான் வண்டி இன்றும் ஓடுகிறது. ஜன்னலுக்கு நான் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. பேரன் ஏதாவது ஒரு நிறம் அடித்துவிடலாம் என்கிறான். எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். இந்தச் சந்திப்புக்கு வரும்போது அந்தக் காலத்து ஸ்டேஷன் போட்டோ, அட்டை டிக்கெட், சீசன் பாஸ் எது பெட்டியடியில் கிடந்தாலும் எடுத்து வாருங்கள். கல்யாண போட்டோவில் பின்னால் ஒரு மூலையில் ஸ்டேஷன் விழுந்திருந்தாலும் போதும். ஒன்றும் இல்லையென்றால் பரவாயில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஜன்னல் என்ன நிறம் என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே நிறம் சொன்னால் அன்று சாயங்காலமே அடித்துவிடுகிறேன்.

வண்டி ஓடுகிறது. வந்து பாருங்கள். டிக்கெட் கிடையாது.