அரை நிமிடத்துக்குப் பின்னால்...

கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்! தென்மாவட்டங்களில் பல வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மைல் கணக்கில் ஓடும். கொங்கு நாட்டில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. இரண்டு காளைகள், ஓட்டுபவர் ஒருவர், 200 அல்லது 300 மீட்டர். போட்டி கடிகாரத்தோடுதான். அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் ஒருவருடைய ஆயுள்கால உழைப்பு இருக்கிறது. அவர் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். காங்கேயம் மாட்டைப் பற்றிய கால்நடை நூல்களில் அவர் பெயர் தவறாமல் வரும். வெள்ளைக்காரர் காலத்தில், பொலிகாளைகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அந்த இனத்தைச் செம்மைப்படுத்தியவர். இது அவசரக்காரர் வேலையல்ல. காங்கேயம் கிடாரி முதல் கன்று ஈனவே ஏறக்குறைய நான்கு வருடம் ஆகும். நாம் செய்த தேர்வு சரியா, தப்பா என்று தெரிவதற்குள் தலை நரைத்துவிடும்!

அமெரிக்காவில் இதே வண்டிப் பந்தயம் குதிரைகளுக்கு உண்டு. ஒரு மைலை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று 1879-ல் அளவுகோல் வைத்தார்கள். அதில் தேறிய குதிரைகளின் வம்சம்தான் ‘ஸ்டாண்டர்ட்பிரெட்’. ஆக, அங்கே பந்தயம் ஓர் இனத்தை உருவாக்கியது. நம்ம ஊர்க் கதை தலைகீழ். காங்கேயம் காளையை உருவாக்கியது ஏரும், பாரவண்டியும், கிணற்றில் கவலை ஓட்டும் வேலையும். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேய்ந்து வளர்ந்த உழைப்பாளி அது. பந்தயம் ஓய்வுநேர விளையாட்டு, அவ்வளவுதான்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. கிணறுகளில் மோட்டார் ஏறியது. பின்னாலேயே டிராக்டர். காளைக்கு வேலை போச்சு! 1990-ல் பதினொரு லட்சத்துக்கும் மேல் இருந்த காங்கேயம் மாடுகள், 2000-ல் ஐந்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. கடைசியில் காளையை வீட்டில் வைத்திருக்க மிஞ்சிய சில காரணங்களில் ஒன்று, அந்த விளையாட்டு.

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் கோவை வ.உ.சி. மைதானம் நிரம்பி வழிந்தது. தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. ரேக்ளா மறுபடி ஓடியது. 2023 மே 18-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

சரி, பிரச்னை தீர்ந்ததா? தார்க்குச்சியால் குத்தி ஓடவைத்தால் அது வதைதான். பாரம்பரியம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. பந்தயம் காப்பாற்றுவது ஓடுகிற காளையை. அதைப் பெற்ற பசு? கலப்பினப் பசுவுக்கு முன்னால் காங்கேயம் பசு கறக்கும் பால் ரொம்பக் கொஞ்சம். தீவனச் செலவுக்குக் கட்டாது என்று அதை விற்றுவிட்டால், நாளைக்கு வண்டியில் பூட்டக் காளை எங்கிருந்து வரும்?

பட்டக்காரருக்கு இது தெரிந்திருந்தது. அவர் வளர்த்தது நாலு காளைகளை அல்ல, ஒரு மந்தையை!