நீரிழிவும் சிறுநீரகக் கல்லும்

மதுமேகம் எனப் பழைய வைத்திய நூல்கள் வழங்கும் நீரிழிவும், அசுமரி என்னும் பெயரால் சுசுருத சம்ஹிதை விரித்துரைக்கும் கல்லடைப்பும் ஒரே சரீரத்தில் கூடி நிற்பது பலருக்குத் தற்செயலன்று. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினுக்குத் திசுக்கள் இணங்க மறுப்பதால் சிறுநீரகம் அம்மோனியாவைப் போதிய அளவில் உண்டாக்க இயலாமற்போக, சிறுநீரின் அமிலத்தன்மை மிகுந்து, அதன் பி.எச். மதிப்பு 5.5-க்குக் கீழே இறங்கும்போது, யூரிக் அமிலம் கரைந்து நிற்கும் சக்தியை இழந்து கல்லாகத் திரள்கிறது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் புலப்படாத இக்கல், ஏனைய பல கற்களைப் போலன்றி, மருந்தினாலேயே கரைக்கத்தக்கது என்பது நோயாளிக்குப் பெரும் ஆறுதல். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து அம்மதிப்பை 6.5 அளவுக்கு உயர்த்துவர். ஆயினும், நீரிழிவினால் சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயத்தைத் தாக்கும் அபாயம் உண்டாதலின், வைத்தியரின் மேற்பார்வையின்றி அதனை உட்கொள்ளலாகாது.

நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் கழியுமாறு நீர் பருகுவது பொதுவிதி. கல்லுக்கு நல்லதென்று அருந்தும் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை சேர்த்தல் கூடாது. விலாவலியோடு குளிர்காய்ச்சலும் கண்டால், தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி உயிருக்கே ஆபத்து நேரக்கூடுமாதலால், நீரிழிவுடையோர் ஒரு பொழுதும் தாமதியாது மருத்துவமனை சேர்தல் வேண்டும்.