மூன்றெழுத்தில் ஒளிந்திருக்கும் ஊர்

நம் பூதிகோட்டை அன்பர்கள் ரயிலேற வேண்டுமாயின் பெரும்பாலும் பங்காரப்பேட்டைக்குத்தான் செல்லுதல் வேண்டும். அங்கிருந்து புறப்படும் முன்பதிவுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஊர்ப்பெயரின் பக்கத்தில் பி, டபிள்யூ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பங்காரப்பேட்டை என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படித் திருப்பி எழுதினாலும் அதில் டபிள்யூ என்ற எழுத்து வாராது. பின் எங்கிருந்து வந்தது அது? சீட்டுக் கொடுக்கும் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருக்கும் எனக்கே பல ஆண்டுகள் இக்கேள்வி தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

1862 முதல் 1870 வரை மைசூர் நாட்டின் கமிஷனராக ஆட்சி புரிந்தவர் லூயின் பெந்தாம் பௌரிங் என்னும் ஆங்கிலேயர். அவர் காலத்திலேதான், 1864-இல், ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை வந்தது. அப்பாதையில் அமைந்த நிலையம் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டிப் பௌரிங்பேட்டை என்றனர். அதுவே இன்றைய பங்காரப்பேட்டை. பெயர்ப்பலகையிலிருந்து பௌரிங் துரை இறங்கிவிட்டார். மூன்றெழுத்தில் மட்டும் இன்றும் குடியிருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பின் இந்தப் பௌரிங், ஹைதர் அலியையும் திப்பு சுல்தானையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1893-இல் வெளியிட்டார். ஹைதர் பிறந்தது நம் பூதிகோட்டையில் அன்றோ! நம் ஊர்ப் பிள்ளையின் வரலாற்றை எழுதிய கை எவருடையதோ, அவர் பெயர்தான் நாம் ரயிலேறும் நிலையத்தின் குறியீட்டில் மறைந்து கிடக்கிறது.

இங்ஙனம் ஊர்ப்பெயரைச் சுருக்கியது சோம்பலால் அன்று. அது தந்திக் காலத்து வழக்கம். ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்குச் செய்தி அனுப்ப, மோர்ஸ் முறையில் புள்ளியும் கோடுமாகத் தட்ட வேண்டும். பௌரிங்பேட்டை என்று ஆங்கிலத்தில் முழுவதும் தட்டினால் பத்தெழுத்து. பி, டபிள்யூ, டி என்றால் ஒரு கோடு மூன்று புள்ளி, ஒரு புள்ளி இரு கோடு, ஒரே ஒரு கோடு, காரியம் முடிந்தது. வண்டி வருமுன் செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. தந்தி போயிற்று, அது ஈன்ற குறியீடுகள் கணிப்பொறியில் ஏறிவிட்டன.

நம் தாய்த் தமிழகத்திலும் இதே கதைதான். மாயவரம் 1982-இல் மயிலாடுதுறை ஆயிற்று. ரயில்வே ஏட்டில் அது இன்னும் எம்.வி. மாயவரமே. திருச்சிராப்பள்ளிக்கு உரிய டி.பி.ஜே. என்பது ட்ரிச்சினாப்பொலி ஜங்ஷன். 1996-இல் சென்னை என்ற பெயர் நிலைபெற்ற பின்னரும், சென்னை சென்ட்ரலின் குறியீடு எம்.ஏ.எஸ். ஆகவே உள்ளது, அங்கே மதராஸ் இருக்கிறது.

ஊருக்கு எழுத்து நிலைத்தது. கம்பெனிக்கு அப்படி நிலைக்கவில்லை. நம் பகுதிப் பாதை முதலில் மதராஸ் ரயில்வே. 1908-இல் எம்.எஸ்.எம். ஆயிற்று. மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே என்பதன் சுருக்கம் அது. 1951-இல் தென்னக ரயில்வேயாகி எஸ்.ஆர். என்றாயிற்று. 2003 முதல் தென்மேற்கு ரயில்வே, அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். தண்டவாளம் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

இனிக் கே.ஜி.எப். 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்து சுரங்கத் தொழிலை ஊன்றினர். கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் என்பதில் ஃபீல்டு என்றால் பொன் தாது கிடைக்கும் நிலப்பரப்பு. நம் முன்னோர் அதை வயல் என்று பெயர்த்துத் தங்கவயல் ஆக்கினர். வட ஆற்காட்டிலும் சித்தூரிலும் சேலத்திலும் நெல்வயலை விட்டு வந்தவர்கள், மண்ணுக்கடியில் இருந்ததையும் வயல் என்றே அழைத்தனர். இம்மொழிபெயர்ப்பைப் போல் நெஞ்சைத் தொடுவது வேறொன்று எனக்குத் தெரியாது. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் பிறந்தது, அதுவே பி.ஜி.எம்.எல். 2001 பிப்ரவரி 28-இல் அதன் சுரங்கங்கள் மூடப்பட்டன. நான்கெழுத்தை நம்பிய குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

சுருக்கெழுத்து ஆங்கிலேயருக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டா. நம் கணக்குப்பிள்ளைகள் நாள், மாதம், ஆண்டு, ரூபாய், மேற்படி ஆகியவற்றிற்குத் தனித்தனிச் சுழிகள் வைத்திருந்தனர். வ.உ.சி. என்றும் திரு.வி.க. என்றும் பெரியோர் பெயரையே சுருக்கி அன்பு காட்டுகிறோம். ஆயின் தமிழ்ச் சுருக்கம் பெயரின் ஒலியைத் தாங்கி நிற்கும். ஆங்கிலச் சுருக்கமோ சில வேளை வேற்று மொழியையே மறைத்து வைக்கும்; காலை மணிக்கு எழுதும் ஏ.எம். என்பது இலத்தீன், அழைப்பிதழில் வரும் ஆர்.எஸ்.வி.பி. பிரெஞ்சு.

இவற்றில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நான் வேலையில் சேர்ந்த புதிதில், என் தந்தையார் சொந்த ஊருக்குச் சாமான்களைக் கொண்டு செல்வதற்கான படி கேட்டு ஒரு காரியாலயத்திற்கு விண்ணப்பம் எழுதினேன். படிவத்தில் டி.ஓ.ஜே. என்று ஒரு கட்டம். ரயில்வேயில் அதற்குப் பயண நாள் என்று பொருள். பயணப் படிதானே என்று தயங்காமல் பயணத் தேதியை எழுதினேன். அவர்கள் கேட்டதோ பணியில் சேர்ந்த நாள்! முப்பத்திரண்டு ஆண்டு உழைத்தவர், அத்தாளின்படி, வேலையை விட்ட பின்னர் வேலையில் சேர்ந்தவர் ஆனார். விண்ணப்பம் திரும்பி வர ஆறு மாதம். மறுபடி எழுதிப் பணம் கைக்கு வர மேலும் ஐந்து மாதம். அதற்குள் சாமான் ஏற்றக் கடன் வாங்கி வட்டியும் கட்டினோம்.

தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பாறைக்குள்ளே மைல் கணக்கில் இறங்கி வழி கண்டோம், தம்பி, இந்த மூன்றெழுத்துக்குள் வழி தெரியவில்லையே" என்றார். மறுநாள் கடையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து என் முன் வைத்தார். அன்று முதல், எதிர்ப்படும் சுருக்கம் ஒவ்வொன்றையும் அதில் தமிழில் விரித்து எழுதி வருகிறேன். படிவம் நிரப்ப வருவோர் என் வீட்டில் அதைப் பார்க்கலாம். அதில் பி.டபிள்யூ.டி. என்பதற்கு எதிரே மட்டும் இரண்டு விரிவுகள் இருக்கும். தமிழில் எழுதும்போது பௌரிங்பேட்டையும் பொதுப்பணித் துறையும் ஒன்றாகிவிடுகின்றன. நான் என் செய்வது!