துணியில் தைத்த எழுத்து

நத்தானியேல் ஹாதோர்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’ நாவல் 1850இல் வெளிவந்தது. உங்களில் சிலருக்கு அது பள்ளிப் பாடமாக இருந்திருக்கும். ஹெஸ்டர் பிரின் மார்பில் இருக்கும் சிவப்பு ‘ஏ’, பரீட்சைக்கு ஒரு குறியீடு. அதன் பின்னால் இருந்த சட்டங்களைப் படித்த பிறகுதான் எனக்கு நாவலே பிடித்தது.

கதை நடப்பது 1640களின் பாஸ்டனில். அங்கே அப்போது கள்ள உறவுக்குச் சட்டம் வைத்திருந்தது மரண தண்டனை. 1644இல் மேரி லேத்தம் என்ற இளம்பெண்ணையும் ஜேம்ஸ் பிரிட்டனையும் தூக்கில் போட்டார்கள். மாசசூசெட்ஸில் ‘ஏ’ அணியும் தண்டனை 1694இல்தான் சட்டமானது: கழுத்தில் கயிற்றோடு தூக்குமேடையில் ஒரு மணி நேரம், 40 வரை கசையடி, பிறகு என்றென்றும் உடுப்பில் இரண்டு அங்குல ‘ஏ’. அந்தத் துணி உடுப்புக்கு மாறான நிறத்தில் இருக்க வேண்டுமாம்! தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே.

ஹெஸ்டர் அதைப் பொன்னிழையால் அலங்கரித்துத் தைக்கிறாள். ஊர் தந்த வசை, அவள் கைவேலை ஆகிவிடுகிறது. பின்னாளில் சிலர் அதை ‘ஏபிள்’, அதாவது திறமைசாலி, என்றே வாசிக்கிறார்கள். குழந்தையின் தகப்பனான பாதிரியார் டிம்ஸ்டேலோ மார்பில் எந்தத் துணியும் இல்லாமல் பிரசங்கம் செய்கிறார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஹாதோர்னின் முன்னோரான ஜான் ஹாதோர்ன், 1692இல் சேலம் சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். அந்த முன்னோர்களுக்காகத் தான் வெட்கத்தை ஏற்றுக்கொள்வதாக நாவலின் முன்னுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார் ஹாதோர்ன்.