சைனஸ் பூஞ்சைத் தொற்று: கண்டறிதலும் சிகிச்சையும்

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் அமைந்த காற்றறைகளே சைனஸ்கள். பூஞ்சை வித்துக்களை நாம் அனைவரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். பெரும்பாலானோருக்கு அவற்றால் தீங்கு விளைவதில்லை.

ஒரே சைனஸில் பூஞ்சை உருண்டையாகத் திரண்டிருந்தால், அறுவை சிகிச்சையால் அதை அகற்றுவதே பொதுவாகப் போதுமானது. ஒவ்வாமை வகையில் மூக்கில் சதை வளரும், கெட்டியான சளி தேங்கும்; அறுவை சிகிச்சைக்குப் பின் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் நெடுநாள் தேவைப்படும். இவ்விரண்டும் உயிருக்கு உடனடி ஆபத்தானவை அல்ல.

திசுக்களை ஊடுருவும் வகையே அஞ்சத்தக்கது. கொரோனா இரண்டாம் அலையின்போது பரவலாகப் பேசப்பட்ட மியூக்கர்மைகோசிஸ் இவ்வகையைச் சார்ந்தது. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதனை, 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ‘கருப்புப் பூஞ்சை’ என்னும் பெயர் சற்றே தவறானது. கருப்பாவது பூஞ்சையன்று, இரத்த ஓட்டம் நின்று மடிந்த திசு. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் பெற்றவர்கள் ஆகியோருக்கு இது எளிதில் வரும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

தறிக்கூடத்துத் தூசியால் வந்த சளி என்று காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து, முகத்தின் ஒருபுறம் மட்டும் வலியோ மரத்துப்போதலோ வீக்கமோ ஏற்பட்டால், பல் ஆடினால், மூக்கிலிருந்து கருமையான நீர் வடிந்தால், கண் பிதுங்கினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வைகாசி கருட சேவை நாளாயினும் மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் கருவியால் மூக்கினுள் பார்த்து, ஐயத்திற்குரிய திசுவைச் சிறிது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் சில மணி நேரத்தில் தெரியக்கூடும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பல நாட்களாகும். அதுவரை சிகிச்சை காத்திராது. சி.டி. ஸ்கேன் எலும்பு அரிப்பையும், எம்.ஆர்.ஐ. கண், மூளைப் பரவலையும் காட்டும். தொடக்கத்தில் சி.டி. ஸ்கேனில் சாதாரண சைனஸ் அழற்சி போலவே தோன்றலாம் என்பதால், ஸ்கேனை மட்டும் நம்பி நிம்மதி அடைய இயலாது.

மடிந்த திசுவை அறுவை சிகிச்சையால் அகற்றுதல், பூஞ்சை எதிர்ப்பு மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெற வேண்டும். அறுவை சிகிச்சை ஒருமுறையுடன் முடியாமல் போகலாம். கண்ணை அகற்ற நேரிடும் என்று மருத்துவர் கூறினால், அது உயிரைக் காக்கும் நோக்கத்திலேயே. ஏன், எவ்வளவு அவசரம் என்பதைக் கேட்டறியும் உரிமை உங்களுக்கு உண்டு.

மியூக்கர்மைகோசிஸுக்கு ஆம்போடெரிசின்-பி மருந்து சிரைவழியாகப் பல வாரங்கள் செலுத்தப்படும். இது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பொட்டாசியத்தைக் குறைக்கலாம். அடிக்கடி இரத்தம் எடுப்பது இதனால்தான். பின்னர் போசகோனசோல் மாத்திரை தொடரும். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்குத் தரப்படும் வோரிகோனசோல் மியூக்கருக்குப் பயன்படாது. எனவே திசுப் பரிசோதனை முடிவைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வீடு திரும்பியபின் சர்க்கரை மாத்திரை தடைப்படக் கூடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் அவற்றை வீட்டிலேயே வழங்குகின்றனர். மூக்கினுள் மீண்டும் பார்க்க மருத்துவர் குறித்த நாட்களில் தவறாது செல்லுங்கள்.