நோயில்லாதவருக்கு மருந்து

"எனுக்கு இன்னா வந்துச்சுன்னு இத்த நான் சாப்பிடணும்?"

ஒடுகத்தூரில் என் சித்தி கேட்ட கேள்வி இது. சித்தப்பாவுக்கு டி.பி. என்று உறுதியாகி, மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனியில் இருபது வருஷம் உழைத்தவர். அவருடைய இருமலைக் கெமிக்கல் வாடை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். சுகாதார நிலையத்திலிருந்து வந்த பெண், வீட்டில் ஒவ்வொருவரிடமும் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு பற்றி விசாரித்து, எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பேச்செடுத்தார். "நல்லா இருக்கிறவங்களுக்குத்தான்மா இது" என்றார். சித்திக்கு அது வேடிக்கையாகப் பட்டது.

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. ஷூ கம்பெனிக்குப் போகும் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாராவாரம் வண்டி வந்து வாசல்ல நின்னா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்கோ?"

சித்தியின் முதல் கேள்விக்குத் தமிழ்நாட்டில் எழுபது வயசு. அதை உரக்கக் கேட்டவர் ராஜாஜி.

1948-ல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி தொடங்கியது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மருந்து தயாரானது. மதனப்பள்ளியில் சிறிய அளவில் போட்டுப் பார்த்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஊசிக் குழுக்கள் போயின. சென்னையில் ஏ.வி. ராமன் என்ற சுகாதாரப் பொறியாளர் தன் பத்திரிகையில் ஆரம்பத்திலேயே எதிர்த்து எழுதினார். 1954-ல் முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய ராஜாஜி, அடுத்த வருஷமே அந்த எதிர்ப்பைக் கையிலெடுத்தார். உயிருள்ள கிருமியை, பலன் உறுதியாகாத நிலையில், ஆரோக்கியமான லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஏன் போட வேண்டும் என்பது அவர் வாதம். 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துபோன பி.சி.ஜி. மருந்தால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். அந்த நினைவு அப்போது பழசாகியிருக்கவில்லை.

அரசு நிற்கவில்லை, ஊசி தொடர்ந்தது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு ஆரம்பமானது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு 1979-ல் வெளியானபோது ராஜாஜி இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதற்காக அவர் முழுக்க ஜெயித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள்.

அந்த ஊசி முகாம்களில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முதலில் கையில் டியூபர்குலின் சோதனை செய்வார்கள். தடிப்பு வராதவருக்குத்தான் ஊசி. தடிப்பு வந்தவர் உடம்பில் கிருமி ஏற்கெனவே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சித்தி கையில் இருந்த மாத்திரை, அப்படித் திரும்பிப் போனவர்களுக்கானது.

ஐசோனியசிட் காசநோயைக் குணமாக்கும் என்று 1952-ல் தெரிந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளில் பாதிப்பேரைச் சானடோரியத்திலும் மீதிப்பேரை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. சித்தப்பாவின் தட்டு டம்ளரைத் தனியாக வைத்ததால் ஒரு லாபமும் இல்லை. அவர் மாதக்கணக்கில் இருமியபோதே நடக்க வேண்டியது நடந்திருக்கும்.

1957-ல் அலாஸ்காவின் பெத்தேல் பகுதியில் ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற மருத்துவர், நோய் வராதவர்களுக்கு ஐசோனியசிட் கொடுத்துப் பார்த்தார். காசநோய் பாதிக்கும் கீழே குறைந்தது. மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் அவரும் அவர் குடும்பமும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள். இந்தியாவிலோ தடுப்பு மாத்திரை வெகுகாலம் வீட்டிலுள்ள சின்னக் குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் மட்டும்தான். எல்லா வயதினருக்கும் என்று விரிவானது 2021-ல். தினம் ஒன்றாக ஆறு மாதம், அல்லது வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம்.

கணக்கு சித்திக்கும் சாதகம்தான். கிருமி நுழைந்த நூறு பேரில் ஆயுளில் நோய் வருவது ஐந்து முதல் பத்துப் பேருக்கு. மிச்சப்பேர் மாத்திரை இல்லாமலே தப்பிவிடுவார்கள். யார் அந்தப் பத்துப் பேர் என்று முன்கூட்டித் திட்டமாகச் சொல்லும் சோதனை கிடையாது. ஆபத்து அதிகம் தொற்றிய முதல் இரண்டு வருஷத்தில். மாத்திரையிலும் தொல்லை உண்டு. சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும், சிலருக்குக் கால் எரியும். அதனால், "சாப்பிடு, ஒண்ணும் ஆவாது" என்று சொன்னால் அது பாதி உண்மை. வரிசையில் நின்ற குழந்தைகளிடம் 1950-களில் அந்தப் பாதியைக்கூட யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பெண் முழுசாகச் சொன்னார். வாந்தி, பசியின்மை, கண்ணில் மஞ்சள் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மகள்தான் முதலில் பேசினாள். "வண்டி வரவேணாம்க்கா. நானே வந்து வாங்கிக்கறேன்."

அவள் தேர்ந்தெடுத்தது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஊரில் ஆட்டுச்சந்தை. அந்தக் கூட்டத்தில் யார் எங்கே போகிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. சித்தி இரண்டு வாரம் மகளின் முகத்தையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை, "எனுக்கும் சேத்து வாங்கினு வா" என்றார்.